நகரத்துக்கு வயதானால் என்ன ஆகும்?

டோக்கியோவுக்கு மேற்கே இருக்கும் குன்றுகளை வெட்டிச் சமன்செய்து, தாமா நியூ டவுன் என்று ஒரு துணைநகரம் கட்டினார்கள். முதல் குடும்பங்கள் 1971இல் குடிவந்தன. பெரும்பாலும் இளம் தம்பதிகள். இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசை வரிசையாகக் கான்கிரீட் அடுக்ககங்கள். தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து தளம், லிஃப்ட் கிடையாது. ஐந்து தளம் வரை லிஃப்ட் வைக்காமல் கட்டுவதுதான் அன்றைக்கு அங்கே வழக்கம். முப்பது வயதுக் காலுக்கு நான்கு மாடிப் படியெல்லாம் ஒரு பொருட்டா?

அந்தத் தம்பதிகளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, வேறெங்கோ போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளிகளில் பல மூடியாகிவிட்டது. படிகள் மட்டும் அதே எண்ணிக்கையில், அதே உயரத்தில் இருக்கின்றன. முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு மேல்தளத்திலிருந்து இறங்கிப் பால் வாங்கி வருவது என்பது முதல்நாள் இரவே யோசித்து வைக்க வேண்டிய காரியம்.

மூத்தோர் எண்ணிக்கை கூடுகிறது என்றால் ஓய்வூதியம், மருத்துவச் செலவு, வேலை பார்க்க ஆள் இல்லை என்று நாட்டுக் கணக்காகவே பேசிப் பழகிவிட்டோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டால் கேள்வி இன்னும் சின்னது. ஒருவர் எத்தனை படி ஏறுவார், எவ்வளவு தூரம் நடப்பார், சாலையைக் கடக்க எத்தனை நொடி எடுத்துக்கொள்வார்? நம் நகரங்களெல்லாம் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் காலை அளவாக வைத்துக் கட்டியவை. அந்தக் கால் மூத்துக்கொண்டே போகிறது. நகரம் கட்டினபடியே நிற்கிறது.

ஏரிக்கு வரத்து நின்றால்

ஒரு நாட்டு மக்கள்தொகை இரண்டு வழியில் மூப்படையும். ஆயுள் கூடும், பிறப்பு குறையும். பலரும் முதலாவதைத்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய காரணம் இரண்டாவதுதான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால் மக்கள்தொகை தன் அளவில் நிற்கும். அதற்குக் கீழே போனால், அடுத்த தலைமுறை முந்தியதைவிடச் சிறியதாகிவிடும். கீழே அடுக்க ஆள் குறைய, மேலே இருப்பவர்களின் பங்கு தானாகக் கூடிவிடும்.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது முக்கியம். 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாவதற்கு பிரான்சுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஜப்பானுக்கு 24 வருடம்தான்: 1970இல் 7, 1994இல் 14. அதோடு நிற்கவும் இல்லை. 2023இல் 29 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பத்துப் பேர் நிற்கும் வரிசையில் மூன்று பேர் மூத்தோர் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு வருடத்தில் நடந்தால் நகரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஒரு கட்டடத்தின் ஆயுளுக்குள் நடந்து முடிந்துவிட்டால் மாற்றிக்கொள்ள ஏது நேரம்?

சரி, இது நாட்டின் கதை. நகரத்துக்கு மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு: வருகிறவர்கள், போகிறவர்கள். நகரத்தை ஓர் ஏரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஊற்று எவ்வளவு சுரக்கிறது என்பதைவிட வரத்துக்கால் ஓடுகிறதா என்பதுதான் ஏரியின் நிலையைச் சொல்லும். டோக்கியோவில் பிறப்பு விகிதம் 2023இல் 0.99க்கு இறங்கியது, ஜப்பானிலேயே மிகக் குறைவு. ஆனாலும் ஜப்பானின் மற்ற பல பகுதிகளைவிட டோக்கியோ இளமையாக இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் இருபது வயதுக்காரர்கள் படிக்கவும் வேலைக்கும் அங்கே வந்து சேர்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த வடக்கு மாவட்டமான அகித்தாவில் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் 65ஐத் தாண்டியவர்கள்.

அதனால் ஒரு நாடு மூப்படையும்போது எல்லா நகரமும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. பெருநகரம் கடைசிவரை இளமையாகத் தெரியும், சிற்றூர்களின் வரத்தைக் குடித்துக்கொண்டு. பக்கத்தில் கேரளத்தில் பத்தனம்திட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 2001க்கும் 2011க்கும் இடையில் அங்கே மக்கள்தொகையே குறைந்தது. வளைகுடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனவர்கள் கட்டிய பெரிய வீடுகளில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள், அல்லது பூட்டுத் தொங்குகிறது. ஜப்பானில் 2023இல் எடுத்த கணக்குப்படி ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். மொத்த வீடுகளில் ஏழில் ஒன்று.

குழாயின் நீளம் குறையாது

ஆள் குறைந்தால் செலவும் குறையுமே, அதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், யூபாரியைப் பற்றிப் படிக்கும்வரை.

யூபாரி ஹொக்கைடோ தீவில் உள்ள நிலக்கரி ஊர். 1960ஐ ஒட்டி அங்கே 1,17,000 பேர் இருந்தார்கள். பிறகு பெட்ரோல் வந்தது, நிலக்கரி போனது, 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. சுரங்கத் தொழிலாளர்கள் பிள்ளைகளோடு கிளம்பிப் போனார்கள். நகராட்சி சும்மா இருக்கவில்லை. கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்கா, ஓட்டல், பனிச்சறுக்கு என்று சுற்றுலாவில் போட்டது. சுற்றுலாவில் போட்ட பணம் திரும்பி வரவில்லை. 2007இல் நகரம் திவாலானது. நிரப்ப வேண்டிய பள்ளம் சுமார் 3,500 கோடி யென்.

நேர்மையாகச் சொன்னால் யூபாரியைத் திவாலாக்கியது முதுமை அல்ல. நிலக்கரியின் முடிவும் அசட்டுத் துணிச்சலும்தான். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 171 படுக்கை இருந்த நகராட்சி மருத்துவமனை 19 படுக்கைச் சிகிச்சையகமாகச் சுருங்கியது. தொடக்கப்பள்ளிகளையெல்லாம் சேர்த்து ஒரே பள்ளியாக்கினார்கள், நடுநிலைப்பள்ளிகளையும் அப்படியே. நூலகம் மூடியது, பொதுக்கழிப்பறைகள் மூடின, ஊழியர்களில் பாதிக்கு மேல் வெளியேறினார்கள், இருந்தவர்களுக்குச் சம்பளவெட்டு. போகக்கூடிய இளையவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள். இன்றைக்கு அங்கே 7,000 பேர்கூட இல்லை. அதில் பாதிக்கு மேல் 65 தாண்டியவர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்து கிலோமீட்டர் தண்ணீர்க் குழாய், ஆயிரம் வீடு. வீட்டுக்குப் பத்து மீட்டர் குழாயின் பராமரிப்பு. எழுநூறு வீடு காலியாகிவிட்டது என்று வையுங்கள். காலியான வீடுகளெல்லாம் தெருவின் கடைக்கோடியில் மொத்தமாக இருந்தால் அந்தப் பக்கக் குழாயை மூடிவிடலாம். ஆனால் வீடுகள் அப்படிக் காலியாவதில்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, நடுவில் ஒரு பாட்டி. பத்து கிலோமீட்டரும் ஓடித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு முப்பத்து மூன்று மீட்டர் என்று செலவு ஏறிவிடும். குப்பை வண்டி, தெருவிளக்கு, பேருந்து, யூபாரி மாதிரிக் குளிர்ப் பிரதேசமானால் சாலைப் பனியை அள்ளுவது, எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். வரி கட்டுகிறவர்கள் குறைவு, அவர்களிலும் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள், குழாயின் நீளம் மட்டும் அதே.

நகரம் மூப்படைவதில் இருக்கும் முடிச்சு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மக்கள்தொகை சுருங்கும், பரப்பளவு சுருங்காது.

2011இல் யூபாரிக்குச் சுசுகி நாஓமிச்சி என்ற முப்பது வயதுக்காரர் மேயரானார். அதற்கு முன் டோக்கியோ மாநகர நிர்வாகத்திலிருந்து உதவிக்கு வந்து அங்கே வேலை பார்த்தவர். அவர் செய்தது, ஊரை மடித்துச் சிறிதாக்குவது. பாதி காலியாகிக் கிடந்த அடுக்ககங்களிலிருந்து ஆட்களைப் பேசிப் பேசி நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வந்துகொண்டிருந்த கிளை ரயிலை நிறுத்திக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பேருந்து வசதிக்கு உதவுங்கள் என்று ரயில் நிறுவனத்திடம் அவரே போய்ச் சொன்னார். ரயிலை நிறுத்தாதே என்று போராடும் மேயர்களைத்தானே பார்த்திருக்கிறோம்! 2019 மார்ச்சோடு அந்த ரயில் நின்றது. அதே ஆண்டு அவர் ஹொக்கைடோவின் ஆளுநராகவும் ஆனார்.

குச்சியும் கொழுக்கட்டையும்

யூபாரி கையை மீறிப்போன பிறகு மடித்த ஊர். தொயாமா முன்கூட்டியே யோசித்த ஊர். ஜப்பான் கடலோரம், சுமார் நான்கு லட்சம் மக்கள், பின்னால் பனிமலை. மனை மலிவு, சாலை நன்றாக இருக்கும், எல்லார் வீட்டிலும் கார். அதனால் நகரம் வயல்களுக்குள் பரந்துகொண்டே போனது. கார் ஓட்டும்வரை அது சொர்க்கம்.

கார் ஓட்ட முடியாத நாள் ஒன்று வரும். 2019இல் டோக்கியோவில் 87 வயதுக்காரர் ஓட்டிவந்த கார் மோதி ஒரு தாயும் சிறுமியும் இறந்தது ஜப்பானையே உலுக்கியது. அந்த ஆண்டு மட்டும் சுமார் 6 லட்சம் பேர் தாமாக முன்வந்து ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புறநகரில் உரிமத்தைக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் அரிசி வாங்குவது எப்படி? இப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஜப்பானிய மொழியில் ‘கடைக்குப் போக முடியாத அகதிகள்’ என்று பொருள்படும் ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. காய்கறி, மீன், டோஃபு என்று ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரும் குட்டி லாரிகளும் வந்தன. நம் ஊர்த் தள்ளுவண்டிக்காரரைத்தான் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சிரிப்பு வந்தது எனக்கு.

தொயாமாவில் 2002இல் மேயரான மோரி மசாஷி, அடுத்த ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவருடைய திட்டத்துக்கு ஜப்பானியத் தின்பண்டம் ஒன்றின் பெயரை வைத்தார்கள்: குச்சியில் கோத்த டாங்கோ. அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் குத்தி வைத்திருப்பார்கள். நம் கணக்கில் குச்சியில் கோத்த கொழுக்கட்டை. குச்சி என்பது டிராம், ரயில், பேருந்துத் தடம். உருண்டை என்பது ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் கடை, மருத்துவர், வங்கி, வீடு எல்லாம் அமைந்த பகுதி. ஊர் முழுவதையும் ஒரே மையத்துக்குள் திணிப்பதில்லை; இருக்கிற சிறு மையங்களைக் கெட்டியாக்கி, நல்ல குச்சியால் கோத்துவிடுவது.

குச்சியிலிருந்து ஆரம்பித்தார்கள். பயணிகள் குறைந்து தேய்ந்துகொண்டிருந்த ஒரு ரயில் தடத்தை 2006இல் தாழ்தள டிராமாக மாற்றினார்கள். படி ஏற வேண்டாம். நடைமேடையும் வண்டித்தளமும் ஒரே மட்டம். அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்று என்று ஓடியதைக் கால்மணிக்கு ஒன்று என்றாக்கினார்கள். வார நாள்களில் பயணிகள் இரண்டு மடங்கானார்கள். பகல் நேரத்தில் மூத்தோர் வெளியே வரத் தொடங்கினார்கள். வசதியான வண்டி இல்லாததால்தான் அவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது டிராம் வந்த பிறகுதான் தெரிந்தது. 2009இல் நகர நடுவில் ஒரு வட்டத்தடம் வந்தது. 2020இல் நிலையத்தின் வடக்கும் தெற்கும் டிராமால் இணைந்தன.

65 தாண்டியவர்கள் பகலில் 100 யென் கொடுத்தால் நகரின் எந்த மூலையிலிருந்தும் நடுப்பகுதிக்கு வந்துபோகலாம். தாத்தா பாட்டி, பேரக்குழந்தையோடு வந்தால் உயிரியல் பூங்கா போன்ற நகராட்சி இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. இதையெல்லாம் சலுகை என்று நினைத்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். மோரியின் நிர்வாகம் இதை வெறும் கணக்காகத்தான் பார்த்தது. வெளியே வந்து நடக்கிற மூத்தவர் தெம்பாக இருப்பார், காப்பி குடிப்பார், கடையில் ஏதாவது வாங்குவார், மருத்துவச் செலவும் குறையும். வீட்டோடு கிடப்பவரால் நகரத்துக்குச் செலவு மட்டுமே.

உருண்டை விஷயம் மெதுவாகத்தான் நகர்ந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி வீடு மாற்ற முடியாது. தடத்தை ஒட்டி வீடு கட்டினால் அல்லது வாங்கினால் மானியம் என்று ஆசைகாட்டினார்கள். 2005இல் மக்களில் 28 சதவீதம் பேர்தான் இப்படிப்பட்ட வசதியான பகுதிகளில் இருந்தார்கள். 2025க்குள் 42 ஆக்க வேண்டும் என்பது இலக்கு; 40ஐ ஒட்டி வந்து சேர்ந்தார்கள். அதற்கே இருபது வருடம். மீதி அறுபது சதவீதம் இன்னும் வயல்களுக்கு நடுவே, காரை நம்பித்தான் இருக்கிறது. தொயாமாவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த அறுபதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

மூன்று நொடி, பதின்மூன்று நொடி

ஊரையே மடிப்பது பெரிய வேலை. சின்ன வேலைகளும் உண்டு, அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் சிங்கப்பூர்.

சாலைச் சிக்னல்களில் நடந்து கடப்பவருக்கான பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதைப் பல நாடுகளில் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிட்டார்கள். பன்னிரண்டு மீட்டர் சாலைக்குப் பத்து நொடி. இங்கிலாந்தில் 65 தாண்டியவர்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஆண்களின் சராசரி நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அப்படியானால் ஒரு பாட்டிக்கு அந்தச் சாலையைக் கடக்கப் பதினைந்து நொடி வேண்டும். பத்தாவது நொடியில் விளக்கு மாறும்போது அவர் எட்டாவது மீட்டரில், நடுச்சாலையில் நிற்பார். மாம்பலத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவை நான் கைப்பிடித்துக் கூட்டிப்போகும்போதெல்லாம் இதே எட்டாவது மீட்டரில்தான் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார்.

சிங்கப்பூரில் 2009இல் ஓர் எளிய ஏற்பாடு கொண்டுவந்தார்கள். மூத்தோர் தங்கள் பயணச்சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால், பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்பான். சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 நொடியிலிருந்து 13 நொடிவரை. எல்லாருக்கும் நேரத்தைக் கூட்டி வாகனங்களை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. தேவைப்படுகிறவர் வரும்போது மட்டும் சாலை கொஞ்சம் பொறுமையாக இருக்கும்.

படி விஷயத்தில் அவர்களும் தாமா செய்த தவறைத்தான் செய்திருந்தார்கள். சிங்கப்பூரர்களில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது; சில மாடிகளுக்கு ஒருமுறைதான். நடுவில் இருப்பவர்கள் ஏறியோ இறங்கியோ கொள்ள வேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் இதை ஒவ்வொரு கட்டடமாகச் சரிசெய்தது. 2012இலிருந்து குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, வாசலில் சிறு சாய்தளம் போன்றவற்றை வீட்டுக்கே வந்து மானியத்தில் பொருத்திக் கொடுக்கிறார்கள். கைப்பிடி ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டின் கதையே வேறு.

அங்கேயே கம்போங் அட்மிரல்ட்டி என்று ஒரு கட்டடம். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. கீழே பொதுமுற்றம், அதன்மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், மூத்தோருக்குச் சுமார் நூறு வீடுகள், மேலே தோட்டம். கூடவே குழந்தைப் பராமரிப்பு நிலையமும். தொயாமாவின் உருண்டை ஒன்றை எடுத்து அப்படியே நிமிர்த்தி வைத்ததுபோல. நூறு வீடு என்பது ஒரு நாட்டின் பிரச்சினைக்கு முன்னால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் மருத்துவரிடம் போக மின்தூக்கியில் இறங்கினால் போதும் என்றால் எண்பது வயது எப்படி இருக்கும் என்று காட்டுகிறது.

மூத்தோர் என்றால் மருந்தும் கைப்பிடியும் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. டோக்கியோவில் சுகாமோ என்ற இடத்தில் ஒரு கடைத்தெரு முழுவதும் பாட்டிகளுக்கானது. நோயைப் போக்கும் என்று நம்பப்படும் ஜிசோ என்ற போதிசத்துவரின் சிலை உள்ள பௌத்தக் கோயிலைச் சுற்றி வளர்ந்த தெரு அது. மாதத்தில் 4, 14, 24 தேதிகளில் அங்கே சந்தை கூடும். இனிப்பு, உப்புத் தின்பண்டம், நடைக்கோல், பெரிய எழுத்து விலைச்சீட்டு, அப்புறம் சிவப்பு உள்ளாடை. சிவப்பு உடம்புக்குச் சூட்டையும் அதிர்ஷ்டத்தையும் தருமாம். கோயிலுக்குப் போவதாகக் கிளம்பி மூன்று பை நிறைய வாங்கி வருவதில் உலகத்துப் பாட்டிகளெல்லாம் ஒன்றுதான்.

இரண்டாவது மாடி

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்தபடி நாம்தான் முன்வரிசையில். 2031இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்று இந்திய அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. பிறப்பு விகிதம் எப்போதோ 2.1க்குக் கீழே போய்விட்டது. ஜப்பான் பணக்கார நாடான பிறகு மூப்படைந்தது. நாம் பாதி வழியிலேயே மூப்படைகிறோம். இங்கே முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாயானது என்பதைத் தொயாமாவின் மானியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

சென்னைக்கு இன்னும் வரத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நகரம் இளமையாகத் தெரிகிறது. அந்த இளைஞர்களை அனுப்பிவைத்த ஊர்களில் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். அந்த ஊர்களிலும் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. அனுப்பிவைக்க இனி எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்?

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் 2016இலிருந்து உண்டு. ஆனால் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முதல் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் நிற்பவர்களை நிறுத்தங்களில் பார்க்கலாம். 2024இல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி வரத் தொடங்கின. பேருந்து தாழ்ந்துவிட்டது, அதுவரை நடந்து வருவதற்கான நடைபாதையில்தான் டிரான்ஸ்பார்மரும் பைக்கும் நிற்கின்றன.

தாமாவுக்கு நேரடி உறவு எது என்றால், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் எழுந்த மூன்று மாடி அடுக்ககங்கள். லிஃப்ட் இல்லை. வாங்கியவர்களுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, வங்கிக் கடன், ஸ்கூட்டர். இப்போது எழுபத்தைந்து.

தாமாவில் ஒரு பகுதி மட்டும் இந்த முடிச்சை அவிழ்த்தது. சுவா என்ற வட்டாரத்தில் 640 வீடுகள் கொண்ட பழைய அடுக்ககங்களை மொத்தமாக இடித்துவிட்டு, 2013இல் லிஃப்ட் வைத்த உயரமான கட்டடங்களில் 1,249 வீடுகள் கட்டினார்கள். கூடுதல் வீடுகளை விற்ற பணத்தில் பழையவர்களுக்குப் புது வீடு கிடைத்தது. அந்த வீடுகளை வாங்கிக்கொண்டு இளம் குடும்பங்கள் வந்தன, மறுபடி குழந்தைச் சத்தம் கேட்டது. இடிப்பதற்கு உரிமையாளர்களில் ஐந்தில் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும் என்பது அன்றைக்கு அங்கே சட்டம். அந்தச் சம்மதம் வாங்கப் பேச்சு எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்தது. இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. பேச்சைத் தொடங்கியவர்களில் சிலர் புது வீட்டைப் பார்க்கவே இல்லை என்று யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2022இல் இயற்றிய அடுக்குமாடிச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்கிறது. பெரியம்மா இருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. எட்டுப் பேர் சரி என்றால் போதும். இடிப்பதெல்லாம் பெரிய பேச்சு என்று வெளிப்புறமாக ஒரு லிஃப்டாவது வைப்போம் என்று சங்கக் கூட்டத்தில் எடுத்தார்கள். “நான் கீழ்வீடு. எனக்கு எதுக்கு சார் லிஃப்ட்? நான் ஏன் பங்கு தரணும்?” என்றார் தரைத்தளத்துக்காரர். மூன்றாவது மாடிக்காரர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார், போனை எடுக்கவில்லை. மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, அடுத்தது தீபாவளிக்கு அப்புறமாம்.

பெரியம்மா அதுவரை காத்திருக்கவில்லை. இரண்டாவது மாடி பால்கனிக் கம்பியில் நைலான் கயிறு கட்டி, அதில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டிருக்கிறார். காலையில் கீரைக்காரம்மா குரல் கேட்டதும் பை கீழே இறங்கும், உள்ளே ஐம்பது ரூபாய் நோட்டு. மேலே வரும்போது இரண்டு கட்டு முளைக்கீரை, சில்லறை, சில நாள் கூடவே கொஞ்சம் கறிவேப்பிலை.